சேக் பரீதின் வலது கால் ஷூ

பழனி பேருந்து நிலையத்திலிருந்து அடிவாரத்துக்குப் போகும் சாலையில், இரண்டு பஞ்சாமிர்தக் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு நிற்கிறது நூரியா காலணியகம். அதன் முதலாளி சேக் பரீதுக்கு ஐம்பத்து மூன்று வயது. முகங்கள் அவருக்கு நினைவில் நிற்காது, பாதங்கள் மறக்காது. வருடந்தோறும் பாதயாத்திரை வருகிற காரைக்குடிக்காரர் ஒருவர் வாசலில் நின்று நலம் விசாரித்தால் யாரென்று தெரியாமல் விழிப்பார். அதே ஆள் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டியதும், "ஒம்போதாம் நம்பர், சுண்டுவிரல் மேல ஏறியிருக்கும், நீங்கதானா" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

வாசலைத் தாண்டிப் போகிற கூட்டத்தில் எந்தக் காலைக் காட்டினாலும் நம்பர் சொல்லிவிடுவார். மலைக்குப் போய்விட்டுச் செருப்பைத் தொலைத்து வருகிறவர்கள், நடந்தே வந்து கொப்புளத்தோடு பஸ் ஏறப் போகிறவர்கள், இவர்கள்தான் அவருடைய வாடிக்கை. சரக்கு எடுப்பது, விலை பேசுவது, எந்த மாடல் ஓடும் எது ஓடாது என்று முடிவு செய்வது எல்லாம் மனைவி ரபியா. முப்பது வருடமாக இப்படியே போய்க்கொண்டிருந்தது. காலில் போடுகிற பொருளில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று சேக் பரீது நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் ஜெயமுருகன்.

ஜெயமுருகன் நாலு கடை தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் உடம்போடு ஒட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்னும் இரண்டு பேரோடு சைக்கிளில் எங்கோ போய்விட்டு வெயில் ஏறுமுன் திரும்பி வருவார். ஒருநாள் அவர் ஒரு ஷூவைக் கொண்டுவந்து, முன்பக்கம் சோல் வாய் பிளந்துவிட்டது, ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். சேக் பரீது அதைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகத்தில், விரல்களுக்குச் சற்றுப் பின்னால், ஓர் இரும்புப் பல் இரண்டு திருகாணிகளால் இறுக்கப்பட்டிருந்தது.

"இது என்ன தம்பி, லாடமா?"

"க்ளீட்டுங்க பாய். பெடல்ல ஒரு கவ்வி இருக்கும். காலை வெச்சு அழுத்துனா இந்தப் பல்லு அதுல போயிப் பூட்டிக்கிரும். மிதிக்கையில மட்டுமில்ல, காலைத் தூக்கையிலயும் வண்டி ஓடும்."

"எறங்கணும்னா?"

"குதிகாலை வெளிப்பக்கமாத் திருப்பணும். கழண்டுரும்."

"திருப்ப மறந்துட்டா?"

ஜெயமுருகன் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். அங்கே நாலைந்து பழைய தழும்புகள் இருந்தன.

ஒட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். சேக் பரீது அந்த ஷூவை நாலு நாள் வைத்திருந்தார். வியாபாரம் ஓய்ந்த மதிய வேளைகளில் எடுத்துப் பல்லைத் தடவிப் பார்ப்பார். எல்லாக் காலணியும் நடப்பதற்காகச் செய்தது. இது நடக்கவே லாயக்கில்லாதது, டக்டக்கென்று தரையில் இடிக்கும், மொசைக் தரையில் வழுக்கும். நடக்க உதவாத ஒரு காலணியை ஒரு கம்பெனிக்காரன் இத்தனை பொறுமையாக வடிவமைத்திருக்கிறான் என்றால் அதில் ஏதோ இருக்கவேண்டும். அது என்னவென்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இதற்கு நடுவே சர்க்கரை டாக்டர் வேறு, தினமும் நடக்கச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போயிருந்தார். நடப்பது சேக் பரீதுக்குப் பிடிக்காது. சைக்கிள் மிதிக்கலாமா என்று கேட்டதும் டாக்டருக்கே முகம் மலர்ந்துவிட்டது. ஜெயமுருகன் விசாரித்து, கோயம்புத்தூரில் ஒருவர் ஓட்டாமல் வைத்திருந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். ஷூவைப் பரீதே போனில் பார்த்துப் பார்த்து வரவழைத்தார். பார்சல் வந்த அன்று ரபியா அதைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, பல்லைச் சுண்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் மூன்று நாள் வீட்டுச் சந்தில், சுவரைப் பிடித்துக்கொண்டே காலைப் பூட்டுவதும் கழற்றுவதுமாகப் பழகினார். சுவர் இருந்தவரை எல்லாம் நன்றாகவே நடந்தது.

நாலாவது நாள் காலை பெரிய சாலைக்குப் போனார். பேருந்து நிலையத்துக்கு முன்னால் போக்குவரத்துப் போலீஸ்காரம்மா கையைக் காட்டினார். சேக் பரீது பிரேக்கைப் பிடித்தார். வண்டி அழகாக நின்றது.

வேகமாகப் போய் விழுகிறவனுக்கு விழுந்தபிறகுதான் விஷயம் தெரியும். இது அப்படியில்லை. நின்ற வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். இடது பக்கமாக மெல்லச் சாய ஆரம்பிக்கிறார். ஊன்றுவதற்குக் காலை எடுக்கவேண்டும், கால் வரமாட்டேன் என்கிறது. குதிகாலைத் திருப்பவேண்டும் என்பது நினைவுக்கு வருகிறது. ஆனால் நாற்பது வருடமாகப் பெடலிலிருந்து நேராகத் தூக்கி எடுத்தே பழகிய கால், அந்த நேரத்தில் புதுப் பாடம் கேட்குமா? பக்கத்தில் நின்ற ஆட்டோ டிரைவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவதை அவர் பார்த்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு விழுகிற அளவுக்கு அவகாசம் இருந்தது. பிறகு தோள், இடுப்பு, முழங்கை என்று வரிசையாகத் தார்ச்சாலையில் படிந்தன.

போலீஸ்காரம்மா மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். தனக்கு ஒன்றுமில்லை, கால்தான் பூட்டிக்கொண்டிருக்கிறது என்று பரீது படுத்தபடியே விளக்கப் பார்த்தார். தலையில் அடிபட்டுவிட்டது போல, உளறுகிறார் என்று யாரோ சொன்னார்கள். கடைசியில் நாலு பேர் அவரையும் சைக்கிளையும் சேர்த்தே தூக்கி நிறுத்தினார்கள்.

அதற்குள் செய்தி கடைவீதிக்குப் போய்விட்டது. பஞ்சாமிர்தக் கடைக்காரர் ஒரு வாரம் வரைக்கும் அவரைப் பார்த்ததும் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ள வருவதுபோல் பாவனை செய்தார்.

இரண்டாவது தடவை பாலசமுத்திரத்தில், பால் ஊற்ற வரிசையில் நின்றவர்களுக்கு முன்னால். மூன்றாவது தன் கடைக்கு எதிரிலேயே. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பக்தர் கூட்டம் அப்போதுதான் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு வயதான அம்மாள் பதறி ஓடிவந்து, முழங்கையில் சிராய்த்த இடத்தை ஊதிவிட்டு, மடியிலிருந்த திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசி, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார். சேக் பரீது அதை அழிக்கவில்லை. பகல் தொழுகைக்கு ஒளு செய்து முகம் கழுவும்போதுதான் அது போனது.

அன்றைக்கு ரபியா கல்லாவில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். அவர் விழுந்ததைவிட, விழுவதற்கு எடுத்துக்கொண்ட நேரம்தான் ரபியாவுக்குத் தாங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கூட்டம் போன பிறகு, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் அவரை உட்காரச் சொல்லி, அந்த ஷூவைப் போட்டுக் காட்டச் சொன்னார். கீழே குந்தி, குதிகாலுக்கும் ஷூவுக்கும் நடுவே சுட்டுவிரலை விட்டார். விரல் தாராளமாகப் போனது.

"ஏங்க, ஊருக்கெல்லாம் நம்பர் சொல்றீங்க. உங்க கால் ஏழு. இது எட்டரைக்குக் குறையாது."

சேக் பரீது குனிந்து பார்த்தார். உண்மைதான். பாதம் அகலமாயிற்றே என்று நினைத்துப் பெரிதாக வாங்கிவிட்டார். அவர் குதிகாலைத் திருப்பும்போது ஷூவுக்குள் கால் மட்டும் திரும்பியது. ஷூ அப்படியே இருந்தது. அதனால்தான் பாதி நேரம் நினைவாகத் திருப்பியும் கழலவில்லை. இதை அவர் வேறு யார் காலில் பார்த்திருந்தாலும் ஒரே நொடியில் சொல்லியிருப்பார். வெட்கத்தில் அவருக்குக் காது சூடானது. ரபியா அலமாரியிலிருந்து குதிகால் அட்டை இரண்டை எடுத்து, பசை தடவி, உள்ளே ஒட்டிக் கொடுத்தார்.

இதைக் கேள்விப்பட்ட ஜெயமுருகன், பெடலின் பின்னால் ஒரு திருகு இருக்கிறது, அதைத் தளர்த்தினால் இன்னும் லேசாகக் கழலும் என்றார். அதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று பரீது கேட்டதற்கு, தெரியும் என்று நினைத்தேன் என்றார்.

அதன்பிறகு விழுவது குறைந்தது. மாதத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் நின்றது. காலைத் தூக்கும்போதும் வண்டி முன்னால் போவதன் சுகம் அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. வரதமாநதி அணை வரைக்கும் போய், தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவார். மலை அங்கிருந்து ஆரம்பிக்கிறது. அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

தைப்பூசக் கூட்டம் முடிந்து கடைவீதி மூச்சுவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானல் வரைக்கும் போவது என்று ஜெயமுருகன் திட்டம் போட்டார். அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர், பெரும்பகுதி ஏற்றம். பாய் அணையோடு திரும்பிவிடலாம் என்றும் சொன்னார். அந்த வார்த்தைதான் சேக் பரீதை உசுப்பிவிட்டது. அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு, ரபியா கொடுத்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைச் சட்டையின் பின்பையில் வைத்துக்கொண்டு, மூன்று பேரோடு நாலாவது ஆளாகக் கிளம்பினார்.

அணை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் பேச்சு நின்றது. மூங்கில் காட்டுக்குள் வெயில் இன்னும் இறங்கவில்லை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். சேக் பரீது தனியாக, ஒரு வளைவை முடித்து அடுத்த வளைவைப் பார்த்து, அதை முடித்து அதற்கடுத்ததைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார். கால்கள் தாமாகச் சுற்றின. ஒரு திருப்பத்தில் கீழே பார்த்தால் பழனி முழுவதும் தெரிந்தது. கோவில் மலை ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. அதன் அடியில் எங்கோ தன் கடை. இந்நேரம் ரபியா ஷட்டரைத் தூக்கியிருப்பார். இத்தனை வருடம் அங்கிருந்து இந்த மலையை வெறும் மேகம் நிற்கிற இடமாகத்தான் பார்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். சவரிக்காட்டில் மற்ற மூவரும் டீயோடு காத்திருந்தார்கள். நின்று, இடது காலைத் திருப்பி, ஊன்றி, ஒழுங்காக இறங்கினார். ஜெயமுருகன் எழுந்து நின்று கைகொடுத்தார்.

வடகவுஞ்சிப் பிரிவில்தான் வினை வந்தது.

பிரிவில் சாலையோரம் இருளாயி என்கிற அம்மாள் மலைவாழையும் பட்டர் புரூட்டும் விற்றுக்கொண்டிருந்தார். பழம் வாங்கலாம் என்று எல்லோரும் நிறுத்தினார்கள். அந்த இடத்தில் சாலை வலது பக்கம் சரிவு. சேக் பரீது அன்று முதல் தடவையாக வலது காலைத் திருப்பினார். கால் திரும்பியது. ஷூவும் கூடவே திரும்பியது. ஆனால் கழலவில்லை. இன்னும் திருப்பினார். ஷூ பாட்டுக்கு அரைவட்டம் அடித்தது. இதற்குள் சாய ஆரம்பித்துவிட்டார். நல்லவேளையாக அந்தப் பக்கம் இருளாயி பழக்கூடைகளுக்கு விரித்த வைக்கோலும் காலிச் சாக்குகளும் குவிந்து கிடந்தன. அதில் போய்ப் பொத்தென்று படுத்தார்.

இருளாயி இடுப்பில் கைவைத்து அவரைப் பார்த்தார். "ஏய்யா, எறங்கத் தெரியாமத்தான் இம்புட்டு தூரம் ஏறி வந்தீங்களா?"

"தெரியும்மா. இன்னிக்கு ஷூவுக்கு மறந்து போச்சு" என்றார் சேக் பரீது சாக்குக்கு நடுவிலிருந்து.

ஜெயமுருகன் மண்டியிட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பல்லைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்று வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒற்றைத் திருகாணியைச் சுற்றி ஷூ சுழல்கிறது; பல் பெடலின் வாயிலேயே நிற்கிறது. இனி எவ்வளவு திருப்பினாலும் வராது. மாற்றுத் திருகாணி யாரிடமும் இல்லை. இருந்தாலும், மாட்டவேண்டிய இடம் பெடலோடு ஒட்டி மறைந்து கிடக்கிறது.

வழி ஒன்றுதான் இருந்தது. ஷூவின் பட்டையை அவிழ்த்து, காலை மட்டும் உருவிக்கொண்டு சேக் பரீது எழுந்தார். ஷூ பெடலில் தனியாக நின்றது. முப்பது வருடத்தில் எத்தனையோ விதமாகச் செருப்பு தொலைந்த கதைகளைக் கேட்டிருக்கிறார். தொலையாமல் கண்ணெதிரே இருந்தும் போட்டு நடக்க முடியாத கதை இதுதான் முதல்.

பஸ்ஸில் ஏறித் திரும்பிவிடலாம் என்று ஜெயமுருகன் சொன்னார். பரீது ஒரு மலைவாழைப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டே யோசித்தார். ஏறும்போது காலை எதற்குக் கழற்ற வேண்டும்? இறங்கும்போது இடது கால் இருக்கிறது. சைக்கிளில் உட்கார்ந்த பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று. இருளாயி வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். இவர் ஏறி உட்கார்ந்து, பெடலிலேயே நின்ற ஷூவுக்குள் காலை நுழைத்துப் பட்டையை இழுத்தார். ஜெயமுருகன் தள்ளிவிட்டார். வண்டி புறப்பட்டது. எங்கே நிறுத்தினாலும் இடப்பக்கமாகவே விழும்படி பின்னாலிருந்து இருளாயி சத்தமாக எச்சரித்தார்.

பெருமாள்மலைச் சந்திப்பில் இடது காலை ஊன்றிச் சரியாக நின்றார். குளிர்காற்று வியர்வையில் பட்டு உடம்பு சிலிர்த்தது. வெள்ளி அருவிக்கு முன்னால் கார்கள் அடைத்துக்கொண்டிருந்தன. அங்கும் நின்றார், அங்கும் விழவில்லை. கடைசி ஏற்றத்தில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மதியம் ஒரு மணிக்குக் கொடைக்கானல் ஏழு ரோடு சந்திப்புக்கு வந்து சேர்ந்தபோது, ஜெயமுருகன் முன்னாலேயே இறங்கிப் போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். சேக் பரீது இடது காலை ஊன்றி நின்று, படத்துக்காக இரண்டு கைகளையும் விரித்தார். கைகளை விரித்ததில் உடம்பு வலது பக்கம் ஒரு சாண் நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான் தேவையாக இருந்தது. சோளம் தின்றுகொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். படத்தில் அவர் முகம் நிறையச் சிரிப்போடு நாற்பத்தைந்து டிகிரியில் இருக்கிறார். ஜெயமுருகன் அதை அங்கேயே ரபியாவுக்கு அனுப்பிவிட்டார்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். சேக் பரீதுக்குக் கால் சில்லிட்டது. இடது காலில் டக்டக்கென்று இரும்பும் வலது காலில் ஈரமான சாக்ஸுமாக, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைவீதி இறக்கத்தில் ஒரு செருப்புக் கடையைக் கண்டுபிடித்தார். வாசலில் நின்று ஒரு நிமிடம் தயங்கினார். விவரம் தெரிந்த நாளிலிருந்து இன்னொரு கடையில் அவர் செருப்பு வாங்கியதே இல்லை.

கடையில் ஐம்பது வயதுள்ள ஓர் அம்மாள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பெயர் தமயந்தி. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்த மலைக்கு வந்து குடியேறியவர்கள். வந்த பிறகு பிறந்தவர்தான் என்றாலும் வீட்டுச் சொற்கள் அவர் வாயில் தங்கிவிட்டிருந்தன; ஷூ அவருக்குச் சப்பாத்துதான்.

"உட்காருங்க ஐயா. மற்ற சப்பாத்து எங்க?"

"வண்டியில மாட்டிக்கிட்டு கெடக்கு."

தமயந்தி வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அவர் பாதத்தைப் பார்த்தார். பார்த்தது ஒரு நொடிதான். "ஏழு. ஆனா பாதம் அகலம்" என்று சொல்லிவிட்டு மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார்.

சேக் பரீதுக்குப் புல்லரித்தது. சோதித்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. எட்டு கொடுங்கள், தளர்வாக இருக்கட்டும் என்றார்.

"எட்டு தரமாட்டேன். இது மேடும் பள்ளமுமான ஊரு. இறக்கத்துல நடந்தா கால் முன்னுக்குப் போய் விரல் இடிக்கும். பொறகு என்னைத்தான் ஏசுவீங்க."

அவர் செருப்பைத் தரையில் வைத்து, வாரைச் சரிசெய்து, காலருகே நகர்த்தினார். சேக் பரீது காலை நுழைத்தார். வேறொருவர் தன் காலுக்குப் பார்த்துப் பொருத்திய செருப்பு எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. கதகதப்பாக இருந்தது. எழுந்திருக்க மனமில்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

அப்போது ரபியா வீடியோ காலில் வந்தார். முழங்கையைக் காட்டுங்க, இடுப்பைக் காட்டுங்க என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்த பிறகு, பின்னாலிருந்த அலமாரி அவர் கண்ணில் பட்டது.

"அது யாரு கடைங்க? நம்ம செருப்புக் கடையை விட்டுட்டு அங்க போயி செருப்பு வாங்க உக்காந்திருக்கீங்களா?"

உண்மை வெளியே வந்துவிட்டது. தமயந்தி முகவாயில் கைவைத்து அவரையே பார்த்தார். ஒரு செருப்புக் கடைக்காரருக்கு நம்பர் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே என்று முதலில் கூச்சப்பட்டார்; எட்டு கேட்டுச் சோதித்ததற்காகப் பிறகு கோபித்துக்கொண்டார்; கடைசியில் சிரித்துவிட்டார். ரபியா போனை அந்த அம்மாளிடம் கொடுக்கச் சொன்னார்.

இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். மழைக்காலத்தில் அங்கே எது ஓடும், தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் என்ன கேட்பார்கள், சின்ன நம்பர்கள் எங்கே எடுக்கிறீர்கள் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. சேக் பரீது நடுவே ஏதோ சொல்ல வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பேச்சு முடிந்தபோது போனில் சார்ஜ் முடியும் நிலையில் இருந்தது.

அதன்பிறகு தமயந்தி ஒரு சுத்தியலையும், இறுக்கமான ஷூவை விரிப்பதற்கு உள்ளே திணிக்கிற மரக்கட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சாப்பிட்டுத் திரும்பிய ஜெயமுருகன் பெடலின் பின்திருகை முழுவதும் தளர்த்தினார். தமயந்தி மரக்கட்டையை ஷூவுக்குள் அடித்து இறக்கியதும் அது ஒரு கால்போல விறைத்து நின்றது. சேக் பரீது அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாக நெம்பினார். தமயந்தி கீழிருந்து பல்லின் ஓரத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். வரவில்லை. கொஞ்சம் முன்பக்கமாகத் தட்டுங்கள் என்றார் பரீது. இரண்டாவது தட்டில் டக்கென்று ஷூ கையோடு வந்தது. வந்த வேகத்தில் சேக் பரீது பின்னால் போய் நடைபாதையில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்த்த கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு மூன்றாவது விழுகை அது; சைக்கிளில் இல்லாததால் அதைச் சேர்க்கக்கூடாது என்று இன்றுவரை வாதாடுகிறார்.

செருப்பு அடுக்கும் கம்பி ரேக்கிலிருந்து தமயந்தி கழற்றிக் கொடுத்த திருகாணி அளவு சரியாக இருந்தது. ஆனாலும் இறக்கத்தில் அதை நம்பிப் போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னதால், கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கிய ஒரு டெம்போவில் சைக்கிளைப் போட்டுவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். வடகவுஞ்சிப் பிரிவில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய், புதுச் செருப்போடு இருளாயி முன்னால் நின்றார். ஷூ எங்கே போனது என்று கேட்டார் இருளாயி. எடுத்தாயிற்று என்றார் பரீது. இனிமேலாவது ஒழுங்காகச் செருப்புப் போட்டுக்கொண்டு வரும்படி சொல்லி, ஒரு சீப்புப் பழத்தை அவர் கையில் திணித்தார் இருளாயி.

இப்போது தமயந்தியின் கடைக்குச் சின்ன நம்பர் சரக்கு பழனியிலிருந்துதான் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை ரபியாவே பஸ்ஸில் கொண்டுபோகிறார். சரக்கு பத்து நிமிடத்தில் கைமாறிவிடும். மிச்ச நேரம் இரண்டு பேரும் ஏரியைச் சுற்றி நடப்பார்கள். மகள் சமீஹா கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தால், அம்மாவை ஏரிக்கரையிலும் அத்தாவை ஏதாவது ஒரு வளைவிலும்தான் பிடிக்க முடிகிறது. சேக் பரீது சரியான அளவில் புது ஷூ வாங்கிவிட்டார், இந்த முறை போட்டுப் பார்த்து. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. புறப்படுமுன் நான்கு திருகாணிகளையும் ரபியா தன் கையால் இறுக்கிப் பார்த்த பிறகுதான் விடுகிறார்.

போன மாதம் சவரிக்காட்டுக்கு மேலே ரபியா போன பஸ் சேக் பரீதைத் தாண்டியது. ஜன்னல் வழியாக அவர் கையை ஆட்டினார். பரீதும் ஒரு கையை எடுத்து ஆட்டினார், விழவில்லை. பஸ் வளைவில் மறைந்த பிறகு, தண்ணீர் குடிக்கலாம் என்று ஓரமாக நிறுத்தினார். அங்கேதான் விழுந்தார். சுற்றிலும் பார்த்தார், யாருமில்லை. எழுந்து, முழங்கையைத் தட்டிவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறி மிதித்தார். ரபியாவிடம் அதைச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தார். கொடைக்கானலில் கடைக்குள் நுழைந்து தமயந்தி நீட்டிய காப்பியை வாங்கிய அந்த நிமிடமே அவராகவே சொல்லிவிட்டார்.